பதினெட்டு மணி நேரக் கணக்கு

ஞாயிறு மாலை, புக்கிட் மேராவில் அழகப்பன் வீட்டு நிச்சயதார்த்தத்தில் கூடியிருந்தவர்கள்: பெண்ணின் தந்தை அழகப்பன், இளைய மகள் சுஷ்மிதா, மாப்பிள்ளையின் தந்தை கோவிந்தராசு, அவர் மனைவி தங்கம், பக்கத்து வீட்டு உர்சுலா, ஐயர், அப்புறம் வீடு கொள்ளாத உறவுக்கூட்டம். மணப்பெண் திவ்யதர்ஷினிக்கு அலங்காரம் என்று உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. மாப்பிள்ளை சரத்தைத்தான் காணோம்.

மணமக்கள் இருவருக்கும் நியூயார்க்கில் வேலை. சரத்துக்கு டிக்கெட் எடுத்தவர் கோவிந்தராசு. "சனி ராத்திரி ஏறு. பதினெட்டு மணி நேரம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சாங்கி ஏர்போர்ட்."

"அப்பா, அது திங்கக்கிழமை காலையிலதான்..."

"நம்ம குடும்பத்துல அப்பனுக்குப் பிள்ளை கணக்குச் சொல்றதில்ல!"

"சரிப்பா" என்று சரத் ஏறிவிட்டான்.

அங்கே சனி இரவு என்றால் இங்கே ஞாயிறு காலை. அது கோவிந்தராசுவுக்கு உறைத்தபோது ஐயர் குத்துவிளக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் பிள்ளையின் விமானம் நடுக்கடல் மேல் ஊர்ந்தது. இன்னும் பத்து மணி நேரம். நேரம் தவறாத குடும்பம் என்று ஊரெல்லாம் மார்தட்டிய மனிதர் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் ஒளித்தார்.

"மாப்பிள்ளை எங்க சம்பந்தி?"

"டிராஃபிக்."

"மெதுவா வரட்டும். அவசரமே இல்ல" என்றார் அழகப்பன். அந்தப் பெருந்தன்மை கோவிந்தராசுவை ஈட்டியாகக் குத்தியது.

ஐயர் கனைத்தார். "நல்ல நேரம் முடியப்போறது."

"பெட்டி வரலையாம். காத்துக்கிட்டு இருக்கான்" என்றார் கோவிந்தராசு.

உர்சுலா எழுந்தாள். "என் தம்பி ஏர்போர்ட்லதான் வேலை. தேடச் சொல்றேன் லா!"

"வேணாம்மா! பெட்டி வந்துடுச்சு. பையனுக்குத்தான்... வயித்துவலி. டாக்டரைப் பார்க்கப் போயிட்டான்."

"ஐயோ, என் புள்ள!" தங்கம் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அழாதே, பொய்டி!" என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார். அது உர்சுலா காதிலும் விழுந்தது. உர்சுலா வெளியே அடுக்குமாடி நடைபாதைக்குப் போனாள். அவள் திரும்புவதற்குள், மாப்பிள்ளை வெள்ளைக்காரியோடு ஓடிவிட்டதாகக் கீழ்த்தளம் வரை செய்தி போய்விட்டது.

மூன்று தலைமுறை மானம் போயிற்று. கோவிந்தராசு தள்ளாடி எழுந்து கைகூப்பினார். "சம்பந்தி, எங்களுக்குக் கொடுப்பினை இல்ல. பொண்ணை வெளியே கூப்பிடுங்க. மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

அழகப்பன் பாய்ந்து போய் உள்ளறைக் கதவை மறித்து நின்றார். முகத்தில் வேர்வை வழிந்தது. "வேணாம் சம்பந்தி! அலங்காரம் இன்னும் முடியல!"

"மாப்பிள்ளையே ஓடிட்டாராம். யாருக்கு அலங்காரம்?" என்றாள் உர்சுலா.

சுஷ்மிதா கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்தினாள்.

"யாரும் ஓடல ஆன்ட்டி. அப்பாவும் இதே கணக்குப் போட்டுத்தான் அக்காவுக்கு டிக்கெட் எடுத்தாரு. சரத் மாமாவுக்குப் பக்கத்து சீட்டுலதான் உட்கார்ந்து வர்றா."