அம்மாவின் சூடு

எங்கள் குடும்பத்தில் இடுப்புக்குக் கீழே என்ன கோளாறு வந்தாலும் அதற்கு ஒரே பெயர்: சூடு. மருந்தும் ஒன்றேதான்: மோர்.

அப்படித்தான் எழுபத்தைந்தைத் தாண்டிய என் அம்மா மாதக்கணக்காக மோர் குடித்துக்கொண்டிருந்தார். கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். கழிவறைக்குப் பயந்து சோற்றையும் குறைத்தார். ஒருநாள் புடவையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கழிவறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். ஆசனவாய் வழியே குடல் ஒரு தக்காளி அளவுக்குப் பிதுங்கியிருந்தது. அதை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளாம்மா இப்படி?"

"கத்தாதடி. மருமவன் காதுல வுழப்போவுது."

(மருமகன் அப்போது கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்டில் இருந்தார்.)

திருவள்ளூரில் ஒரு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சர்ஜன் சொன்னார்: "இது மலக்குடல் இறக்கம்மா. வயித்தத் திறக்க வேணாம். முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வெச்சி, கீழ்வழியாவே வெளிய வர்றத எடுத்துட்டுத் தெச்சிடலாம். வயசானவங்க ஒடம்பு இதத் தாங்கும்."

வராந்தாவுக்கு வந்து, அம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"இந்த வயசுல ஆபரேசன் இன்னாத்துக்கு? இன்னும் எத்தினி நாளு இருக்கப்போறாங்க? கல்யாண நேரத்துல பேஜாரு பண்ணாத."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"டேய்! அம்மாவுக்குப் பின்னால குடல் வெளிய வருதுடா! உனுக்கு வாய்லருந்து பீ வருது! மொதல்ல உன்னைத்தான்டா அறுக்கணும்!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. எதிர் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து கும்பிட்டார். அண்ணனின் புதுச் சம்பந்தி.

"நல்லா கிறீங்களா?" என்றார்.

"நல்லா கிறோம்" என்றேன். (வேறென்ன சொல்ல?) அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மாவுக்கும் அதேதாம்மா. வெளிய ஆட்டோவுல ஒக்காந்துகினு எறங்கவே மாட்டேன்றாங்க, வெக்கமாம். நீங்க எந்த டாக்டரப் பார்த்தீங்க?"

இரண்டு கிழவிகளுக்கும் அதே சர்ஜன்தான் அறுவை செய்தார். இருவரும் கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டார்கள். அண்ணனோடு நான் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அந்தக் கோபம் ஆறவில்லை, ஆறவும் போவதில்லை.

ஆனால் ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்ததும் அம்மா சொன்னதுதான் இரண்டு குடும்பத்திலும் நிலைத்துவிட்டது. நான் எங்கே குரலை உயர்த்தினாலும் சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்:

"அந்த டாக்டரு தெச்சதுதான் தெச்சாரு, இவ வாய்க்கும் ரெண்டு தையல் போட்டுருக்கக் கூடாதா?"