லிஃப்டுக்குள் ஒரு வாக்குமூலம்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் பட்டப்பகலில், கண்டி நகரத்தின் நடுவில், ஒரு பேயிடம் நான் முழு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். கேட்ட கேள்விக்கெல்லாம் மரியாதையாகப் பதிலும் சொன்னேன். எங்கள் வீட்டில் இதைப் பேசாமல் ஒரு தீபாவளியும் போனதில்லை. மற்றவர்கள் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கண்டியில் ஒரு தனியார் வகுப்பில் கணினி சொல்லிக்கொடுத்துக்கொண்டு வாடகை அறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் பேய்ப் படம் பார்ப்பேன். எல்லாப் பேய்ப் படமும் எனக்கு ஆகாது. முன்பின் தெரியாத நாலைந்து பேர் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். லிஃப்டோ, நிலவறையோ, பனியில் நின்றுபோன ரயில் பெட்டியோ, எதுவானாலும் சரி. வெளியே போக வழி இருக்கக் கூடாது. அவர்களில் ஒருவர் மனிதராக இருக்கக் கூடாது. இந்த வகையில் கிடைத்ததையெல்லாம் பார்த்ததில் அதன் சட்டதிட்டங்கள் எனக்கு மனப்பாடம். மூலையில் பேசாமல் நிற்கிறவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு பாவத்தை மறைத்து வைத்திருப்பார். மறைக்கிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேருவார்கள். முதலில் ஒப்புக்கொள்கிறவர் மட்டும் உயிரோடு வீடு திரும்புவார். (இந்தப் படிப்புக்கு எங்கேயும் சம்பளம் தர மாட்டார்கள் என்று அம்மா அப்போதே சொன்னார்.)

மறைக்க என்னிடமும் ஒரு பாவம் இருந்தது.

என் அக்கா பவானிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. புசல்லாவைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவத்தை அக்காதான் பார்த்துக்கொண்டாள். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அவள் மடியில் வளர்ந்தன. அவளுக்குத்தான் வரன் அமையவில்லை. ஏழாம் இடத்தில் செவ்வாய். அந்தத் தோஷம் உள்ள பெண்ணைக் கட்டினால் புருஷனுடைய ஆயுளுக்கு ஆகாது என்று ஐந்து வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது வீட்டிலிருந்து பதில் வந்த அன்று, பெண் பார்க்கவென்று எடுத்து வைத்திருந்த சேலையை அக்கா மடித்து அம்மாவிடம் நீட்டினாள். "இத யாருக்காச்சும் குடுத்துருங்கம்மா" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஆறாவதாகக் கலகெதரையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ரவி, தபால் கந்தோரில் வேலை. ஜாதகத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார்கள். அதைக் கணினியில் போட்டு எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அக்கா பிறந்தது காலை ஆறே காலுக்கு. நான் மத்தியானம் இரண்டே கால் என்று போட்டேன். செவ்வாய் சமர்த்தாக எழுந்து மூன்றாம் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. (பெற்றவளுக்கு எட்டு மணி நேர வலியைக் கூட்டிக் கொடுத்த ஒரே மகன் நானாகத்தான் இருப்பேன்.) அம்மாவிடமும் அக்காவிடமும் மூச்சு விடவில்லை. எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று பதில் வந்தது. வந்து பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. நாள் குறித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. ரவி நல்ல மனுஷன். தேநீர் குடித்த கோப்பையை அவரே எடுத்துப்போய்க் கழுவி வைத்த ஆள். அவருக்கு ஏதாவது ஆனால் காரணம் நானா? தோஷத்தை நான் நம்பவில்லை என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பாதவன் எதற்குப் பத்துத் தடவை சொல்ல வேண்டும்?

கல்யாண அழைப்பு அட்டைகளை எடுக்கப் போன நாள் அது. அச்சகம் நான்காம் மாடியில். அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். பெட்டியின் மேல் மாதிரிக்கு ஒரு அட்டையை ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஏற்கெனவே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வயசாளி மூலையில் நின்றார். மூன்றாம் மாடியில் எக்ஸ்ரே உறையோடு ஒரு பெண்மணியும், கையில் துணிப் பொதியோடு ஒரு முஸ்லிம் வியாபாரியும் ஏறினார்கள். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்த காலம். மின்வெட்டுக் காலமும் அதுதான். கதவு மூடி, லிஃப்ட் ஒரு சாண் இறங்கி, குலுங்கி நின்றது. விளக்கு அணைந்தது.

"கரண்ட் போயிட்டு. ஜெனரேட்டர் போடுவாங்க, பயப்புட வாணாம்" என்றார் வியாபாரி.

போடவில்லை. டீசல் இல்லை என்று பிறகு தெரிந்தது. அவசர மணியை அழுத்தினோம். அது எங்கள் தலைக்கு மேலேயே அடித்து ஓய்ந்தது. கதவைத் தட்டினோம். போனில் சிக்னல் கிடைக்கவில்லை. வியாபாரி திகனையில் துணிக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். பெண்மணி, "ஆளுங்க வருவாங்க" என்று மட்டும் சொன்னார். வெள்ளைச் சட்டைக்காரர் வாயைத் திறக்கவில்லை. பத்து நிமிஷம் போயிருக்கும். வெள்ளைச் சட்டைக்காரர் தன் போன் வெளிச்சத்தைப் போட்டார். தாடைக்குக் கீழே பிடித்துப் போட்டார். அதே நேரம் லிஃப்ட் இன்னொரு சாண் இறங்கியது.

அவ்வளவுதான். கணினி ஆசிரியன், பகுத்தறிவாளன், எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். நான் பெட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன் வெளிச்சமும் அணைந்தது.

"நான் சொல்லிர்றேன். நான்தான் செஞ்சேன். எங்கக்கா ஜாதகத்த நான்தான் மாத்துனேன்."

"என்ன தம்பி சொல்றீங்க?" என்றார் வியாபாரி.

நான் அவருக்குச் சொல்லவில்லை. மூலைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. அவரு பாவம். எது செய்றதுன்னாலும் என்னைய செய்ங்க."

பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் நிதானமாகக் கேட்டது.

"ஜாதகத்துல என்னா மாத்துனீங்க?"

மூலையில் நிற்பது குரலை மாற்றிப் பேசுகிறது என்று நினைத்தேன். (படங்களில் பேசும்.) "பொறந்த நேரத்தங்க" என்றேன்.

"எத்தன மணிய எத்தனையா மாத்துனீங்க?"

"காலையில ஆறே காலு. மத்தியானம் ரெண்டே காலுன்னு போட்டேங்க."

"எதுக்கு?"

"செவ்வாய் ஏழுல இருந்துச்சுங்க."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அம்மாவுக்கும் தெரியாது. நான் மட்டுந்தாங்க."

நான் அழுதேன். பெரிய மனிதன் மாதிரி எல்லாம் அழவில்லை, மூக்கு ஒழுக அழுதேன். வெள்ளைச் சட்டைக்காரர் இருட்டில் தடவி வந்து என் தோளைத் தட்டி, "பய வென்ன எப்பா, புத்தே" என்றார். பயப்படாதே மகனே என்று அர்த்தம். தமிழ் தெரியாத சிங்களப் பெரியவர். பாவம், அதுவரை பேசாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைக் கம்பியால் நெம்பித் திறந்தார்கள். மூன்றாம் மாடிக்கு இரண்டு சாண் கீழே நின்றிருந்தோம். ஒவ்வொருவராக ஏற்றிவிட்டார்கள். மேலே வந்ததும் வியாபாரி என் கையைப் பிடித்து, "அல்லாஹ் லேசாக்கித் தருவான்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போனார். பெண்மணி போகவில்லை. முகக்கவசத்தைக் கழற்றினார்.

"நான் ரவியோட அக்கா, மனோன்மணி. ஸ்கூல்ல கணக்கு டீச்சர். பொண்ணு பாக்க வந்தன்னிக்கி எனக்குக் காய்ச்சல், வர ஏலாமப் போச்சு." பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். "இதப் பாத்துட்டு ஒங்ககூடப் பேசத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள லைட்டு போயிருச்சு. வெளியில வந்து பேசிக்கலாம்னு இருந்தேன்."

பெட்டி என் கையை விட்டு விழுந்தது. தம்பியின் கல்யாண அட்டைகளை அந்த அம்மாவே குனிந்து பொறுக்கினார்.

"டீச்சர், கல்யாணத்த நிப்பாட்டிராதீங்க" என்றேன்.

"அத நானும் நீங்களும் முடிவு பண்ணக் கூடாது. கட்டிக்கப் போறவங்க ரெண்டு பேரு இருக்காங்க. இன்னிக்கே போயி ஒங்க அக்காகிட்ட சொல்லிருங்க. நாளைக்குக் காலையில நான் அவங்களுக்குப் போன் பண்ணுவேன்." குரலில் கோபம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

புசல்லாவை பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா பிள்ளைமடுவத்தில் தொட்டில் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லிஃப்டில் நடந்ததையும் சேர்த்து ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் தண்ணீர் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"நான் என்ன கடையில விக்கிற சாமானாடா, நீ லேபில் மாத்தி ஒட்டுறதுக்கு?"

துணியை ஒரு உதறு உதறிக் கொடியில் போட்டாள்.

"அஞ்சு பேரு வேணாம்னு சொன்னாங்க. அதுக்கு நான் ஒடஞ்சா போயிட்டேன்? நீதான்டா என்னையக் கொறச்சு நெனச்சிருக்க."

இன்றுவரை என்னை யாரும் அப்படி அடித்ததில்லை. நான் தலை குனிந்து நிற்க, அக்கா அங்கேயே போனை எடுத்து ரவியைக் கூப்பிட்டாள். நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். நாலே வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நீங்க வேணாம்னா நான் கோவிச்சிக்க மாட்டேன்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையில் அவள் குரல் நடுங்கியது. இவரை அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.



"அப்ப நான் செத்துருவேனா?" என்று ரவி கேட்டார்.

"அப்புடித்தான் சொல்றாங்க."

"எப்பன்னு போட்டுருக்கா?"

"போடல."

"கல்யாணத்துக்கு லீவு எழுதிக் குடுத்துட்டேனே பவானி. எங்க கந்தோர்ல அத மாத்துறது ரொம்பக் கரச்சல்."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். விஷயம் தெரிந்ததும் ரவியின் அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தது மனோன்மணி டீச்சர்தான். குறித்த நாளில், அந்த அட்டைகளை வைத்தே, கல்யாணம் நடந்தது. அக்கா என்னோடு பேச மட்டும் இரண்டு மாதம் ஆனது.

அன்றிலிருந்து வீட்டில் எது காணாமல் போனாலும், "இவன லிஃப்டுல ஏத்துங்க, சொல்லிருவான்" என்கிறார்கள். என் மனைவிக்கும் இது தெரிந்துவிட்டது. அந்த வகைப் படங்களை நான் பார்ப்பதில்லை. நாலு மாடியானாலும் நடந்துதான் ஏறுகிறேன்.

போன வருஷம் ரவி மச்சானுக்கு டெங்கு வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் லீவு போட்டுவிட்டு வார்டு வாசலிலேயே கிடந்தேன். இரத்த அணுக்கள் குறைகின்றன என்று டாக்டர் சொன்ன காலையில், எனக்கு நம்பிக்கை இல்லாத சாமிகளையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செவ்வாயைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மச்சான் பிழைத்து வீட்டுக்கு வந்த வாரம் அக்காவின் பிறந்தநாள். காலையில் எழுந்ததும் வாழ்த்துச் சொல்லப் போன் எடுத்தேன். எடுத்தது மச்சான். குரல் இன்னும் தேறியிருக்கவில்லை.

"ஒங்க அக்கா இன்னும் பொறக்கலையே மச்சான்" என்றார். "மத்தியானம் ரெண்டே காலுக்கு எடுங்க."

சரி என்று சொல்லிவிட்டு, சரியாக ரெண்டே காலுக்கு மறுபடியும் எடுத்தேன்.