நேபாளத்து ஏட்டுக்கு நல்லெண்ணெய்

சந்தோஷம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது. கோபம் வந்தால் ஓரளவு வேலை செய்யும். பயம் வந்தால் பிரமாதமாக வேலை செய்யும். சந்தோஷம் வந்தால் மட்டும் கடையைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விடும். ஒரே மத்தியானத்தில் வேலையும் கலியாணமும் கையை விட்டுப் போகப் பார்த்தது அப்படியொரு சந்தோஷத்தால்தான்.

அப்போது நான் டென்மார்க்கில், ஓகூஸ் நகரத்தில் ஒரு பழைய சேகரிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். (பெயர் வேண்டாம். இன்றைக்கும் அவர்கள்தான் சம்பளம் தருகிறார்கள்.) நேபாளத்திலிருந்து எப்போதோ வந்துசேர்ந்த பௌத்தச் சுவடிகள் அங்கே பெட்டி பெட்டியாகக் கிடந்தன. சில சமஸ்கிருதம். சில காட்மாண்டுப் பள்ளத்தாக்கு மக்கள் பேசும் நேவாரி. சிலவற்றில் நடுவில் சமஸ்கிருதமும் ஓரத்தில் நேவாரியுமாக இரண்டும் சேர்ந்து குடித்தனம் நடத்தின. ஒவ்வொன்றாகத் திறந்து, இது என்ன நூல், எழுதியவர் யார், எந்தக் காலம், இப்போது என்ன நிலை என்று அட்டவணையில் பதிவது என் வேலை.

இதை ஓல்போர்க்கில் இருக்கும் அம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் அவர் தன் சிநேகிதிகளிடம், "கொம்பியூட்டரில ஏதோ செய்யிறான்" என்று சொல்லிப் பிரச்சினையை முடித்துக்கொண்டார்.

அம்மாவைச் சமாளிக்கலாம். சில்க்போர்க் மாமாவைச் சமாளிக்க முடியாது. மாமா என்றால் சொந்த மாமா இல்லை, ஆகப்போகிற மாமனார். நானும் அவருடைய மகள் சுபாவும் ஒருவரை ஒருவர் விரும்பினோம். சுபா ஓகூஸ் ஆஸ்பத்திரியில் தாதி. மாமா சில்க்போர்க்கில் ஒரு தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை செய்பவர். என்னைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்.

"தம்பி, வேலை ஃபாஸ்டோ?"

(டேனிஷில் ‘ஃபாஸ்ட்’ என்றால் நிரந்தரம். இந்த நாட்டுத் தமிழ்த் தகப்பன்மார் முதலில் படித்த டேனிஷ் சொற்களில் அதுவும் ஒன்று.)

"இன்னும் பரிசோதனைக் காலம் மாமா. கெதியில ஃபாஸ்ட் ஆக்கிப்போடுவினம்."

"ஆக்கட்டும். பிறகு நாள் வைப்பம்."

அவ்வளவுதான். வேலை நிரந்தரமானால் சுபா. ஆகாவிட்டால் மாமா மேசையில் வைத்திருக்கும் வேறு இரண்டு சாதகங்கள். அதில் ஒருவன் பல் வைத்தியன் என்று கேள்வி. அன்றிலிருந்து பல் துலக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் வேலை என்ன வேலை! காலையில் ட்ராமை விட்டிறங்கி ஓடுவேன். கருநீலக் காகிதத்தில் பொன்னெழுத்து எழுதிய சுவடியை முதன்முதலாகத் திறந்த அன்று, பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். எங்கள் பொறுப்பாளரான கீர்ஸ்டன் என்ற பெண்மணி வந்து, "யாராவது விழுந்துவிட்டார்களா?" என்று கேட்டார். கீர்ஸ்டன் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. சுவடிகளுக்குக் காது வலிக்கும் என்பதுபோலத்தான் கதைப்பார். கொஞ்சம் சமஸ்கிருதம் தெரிந்தவர். நேவார எழுத்து மட்டும் அவருக்கு ஓடாது. அங்கே அதைச் சரளமாக வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது.

ஒருநாள் அடிப்பெட்டியிலிருந்து ஒரு பனையோலைச் சுவடி வெளியே வந்தது. அதுவரை நான் பதிந்ததெல்லாம் காகிதம். ஓலையைப் படங்களில்தான் பார்த்திருந்தேன். இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே நீள நீளமான ஏடுகள். மேற்பலகையில் குங்குமமும் சந்தனமும் படிந்த தடம். யாரோ இதை வைத்துப் பூசை செய்திருக்கிறார்கள்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏடுகளையெல்லாம் அழகாக வாசிக்க முடிந்தது. கடைசி ஏட்டில்தான் வினை. எழுதியவன் பெயர், காலம், ஊர் எல்லாம் வழக்கமாக அங்கேதான் இருக்கும். அந்தச் சில வரிகள் மட்டும் மங்கிப் போய்க் கிடந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை சேகரிப்பகத்தில் திறந்த நாள். வருகிறவர்களுக்கு நான் இந்தச் சுவடியைக் காட்டிப் பேச வேண்டும். "அது முடிந்ததும் உன் வேலையைப் பற்றிப் பேசுவோம்" என்று கீர்ஸ்டன் சொல்லியிருந்தார். நான் உடனே மாமாவையும் சுபாவையும் அழைத்துவிட்டேன். எல்லார் முன்னிலையிலும் அந்த வரிகளைத் துலக்கி வாசித்தால்? கீர்ஸ்டன் கைகுலுக்குவார், மாமா கலியாணத்துக்கு நாள் வைப்பார், பல் வைத்தியன் தன்பாட்டில் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பான். அந்த நிமிஷத்தில்தான் மூளை கடையைப் பூட்டியது.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அம்மா, பழைய ஓலையில எழுத்து மங்கினால் ஊரில என்ன செய்யிறவை?"

"ஏன்ரா, கலியாணத்துக்குச் சாதக ஓலை கேக்கினமோ?"

"இல்லையம்மா, வேலைக்கு."

"வேலைக்குமோ சாதகம் பாக்கினம்? டென்மார்க்கும் கெட்டுப்போச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கட அப்புவின்ர ஓலையை விளக்குக்கரியில நல்லெண்ணெய் விட்டுக் குழைச்சுத் தேய்ச்சவை. தேய்ச்சுத் துடைச்சால் எழுத்துப் பளிச்செண்டு வரும்."

அம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஊர் ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். கீறலுக்குள் கரி இறங்கி நிற்கும், மேலே துடைத்துவிடலாம். நேபாளத்தில் ஓலையின் மேல் பேனாவால் மைதொட்டு எழுதினார்கள். அதை எண்ணெய் போட்டுத் தேய்த்தால் எழுத்தே துணியோடு வந்துவிடும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருஷமே படித்தது. பரீட்சையிலும் எழுதி நல்ல புள்ளி வாங்கியிருந்தேன்!

சனிக்கிழமை பகல் என் குடியிருப்பில் குத்துவிளக்கை ஏற்றி, மேலே வெள்ளித்தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக் கரி சேர்த்தேன். (எங்கள் வீட்டில் வெள்ளித்தட்டு என்றால் எவர்சில்வர்.) கரி சேர்ந்ததோ இல்லையோ, கூரையிலிருந்த புகை அபாய மணி அலறத் தொடங்கியது. கீழ்வீட்டு டேனிஷ் அம்மா நாயையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். திரும்பி வந்தவரிடம், "மன்னிக்க வேண்டும், சமயச் சடங்கு" என்றேன். அவர் மிகுந்த மரியாதையோடு தலையை ஆட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கரியையும் எண்ணெயையும் குழைத்து ஊறுகாய்ப் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. இருபது பேர் வரையில் மேசையைச் சுற்றி நின்றார்கள். மாமா கலியாண வீட்டுக்குப் போவதுபோல வெள்ளை வெளேரென்ற சட்டையில், மகளோடு முன்வரிசையில் நின்றார். நான் பேசினேன். ஐயோ, எப்படிப் பேசினேன்! மழைக்காலத்தில் பிக்குகள் விகாரையில் இருந்து எழுதியதை நேரில் பார்த்தவன்போல் பேசினேன். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். மாமாகூட ஒருமுறை தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கெடுத்தது.

"இப்போது," என்றேன், "என் முன்னோர்களின் முறைப்படி இந்தக் கடைசி வரிகளை உங்கள் கண்முன்னே உயிர்ப்பிக்கப் போகிறேன்."

(என் முன்னோர்கள் யாரும் நேபாளப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.)

கோட்டுப் பையிலிருந்து ஊறுகாய்ப் போத்தலை எடுத்துத் திறந்தேன். அறையில் நல்லெண்ணெய் வாசம் கமகமவென்று எழுந்தது. கீர்ஸ்டன் மூக்கைச் சுளித்தார். நான் பஞ்சை நன்றாகத் தோய்த்தெடுத்து ஏட்டுக்கு மேலே கொண்டுபோனேன். பஞ்சின் நுனியில் ஒரு கறுப்புத் துளி திரண்டு தொங்கியது.

"நை!"

(டேனிஷில் ‘இல்லை, கூடாது’.) குரலை உயர்த்தியே அறியாத கீர்ஸ்டன் போட்ட சத்தத்தில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மறு கையால் ஏட்டை அப்படியே மூடிக்கொண்டார். துளி அவருடைய கம்பளிச் சட்டையின் கையில் விழுந்தது. ஏட்டில் ஒரு பொட்டுக்கூடப் படவில்லை. ஆனால் என் மற்றக் கையில் இருந்த போத்தல் மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மாமாவின் நெஞ்சில் குப்புற விழுந்தது.

கழுத்திலிருந்து வயிறு வரை கறுப்பு எண்ணெய் மெதுவாக இறங்குவதை மாமா குனிந்து பார்த்தார். ஒரு விரலால் தொட்டு மோந்தார்.

"தம்பி, இது நாங்கள் இட்டலிக்கு விடுற நல்லெண்ணெய்யெல்லோ?"

"ஓம் மாமா."

"அதை ஏன் புத்தகத்துக்கு விடுறீர்?"

கீர்ஸ்டன் தன் வழக்கமான சிறிய குரலுக்குத் திரும்பி, "இது பேனாவால் எழுதியது. கீறியது அல்ல. உனக்குத் தெரியும்" என்றார். அந்த ‘உனக்குத் தெரியும்’ இருக்கிறதே, அது ‘நை’யைவிட மோசமாக வலித்தது. வேலை போயிற்று, சுபா போனாள், பல் வைத்தியன் வென்றான் என்று நான் சுவரோடு சாய்ந்தேன்.

கீர்ஸ்டன் அலுமாரியைத் திறந்து ஒரு சின்ன விளக்கை எடுத்தார். அறை வெளிச்சத்தை அணைத்துவிட்டு அதை ஏட்டுக்கு மேலே பிடித்தார். ஊதா வெளிச்சத்தில் ஓலை மினுங்கியது. அதன் மேல் மங்கிக் கிடந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கறுத்து எழும்பின. கடவுளே! சுவரை விட்டுத் துள்ளி வந்தேன்.

"கேட்டிருந்தால் முதல் நாளே தந்திருப்பேன்" என்றார் கீர்ஸ்டன். "கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசி."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் கையைக் கட்டிக்கொண்டு குனிந்தேன். மறுபடியும் அதே சந்தோஷம். வேலை, மாமா, சட்டை எல்லாம் மறந்துபோயிற்று. ஒவ்வொரு வரியாக வாசித்து அங்கேயே டேனிஷில் சொல்லத் தொடங்கினேன். நேபாள வருஷக் கணக்கில் காலம் இருந்தது! விகாரையின் பெயர் இருந்தது! எழுதியவர் ஒரு பிக்கு, முதுகும் கழுத்தும் நோக எழுதினாராம்! என் குரல் ஏறிக்கொண்டே போனது.

"இனி இந்த நூலை வைத்திருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறார். தண்ணீரிலிருந்து இதைக் காப்பாற்ற வேண்டுமாம். எலியிலிருந்து காப்பாற்ற வேண்டுமாம். அடுத்தது..."

நின்றுவிட்டேன்.

"அடுத்தது?" என்றார் கீர்ஸ்டன்.

"எண்ணெயிலிருந்து" என்றேன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன்போல.

முதலில் சிரித்தது சுபாதான். இருட்டில் அவள் வாயைப் பொத்துவது கேட்டது.

"இன்னும் ஒரு வரி இருக்கிறதே" என்றார் கீர்ஸ்டன். அழிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் ஊதா விளக்கில் அந்த வரிதான் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று இருந்தது. வேறு வழியில்லாமல் வாசித்தேன். எதைச் செய்தாலும் இந்த நூலை ஒரு மூடன் கையில் மட்டும் கொடுத்துவிட வேண்டாமாம்.

அத்தனை டேனிஷ்காரரும் ஒன்றாகச் சிரிப்பதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். கீர்ஸ்டன் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தார். மாமாவுக்கு டேனிஷ் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும். "என்னவாம்?" என்று மகளைக் கேட்டார். சுபா தமிழில் சொன்னாள். அதன் பிறகு மாமா சிரித்த சிரிப்பில் சட்டையிலிருந்த எண்ணெய் பக்கத்திலிருந்தவர்களுக்கும் தெறித்தது.

எல்லாரும் போன பிறகு கீர்ஸ்டன் என்னை நிறுத்தினார். "நீ வாசித்தாய். நன்றாக வாசித்தாய். ஆனால் பரிசோதனைக் காலத்தை ஆறு மாதம் நீட்டுகிறேன்." வாசலில் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்ற மாமாவிடம் அதைச் சொன்னேன்.

"வேலையால நிப்பாட்டேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை மாமா. இன்னும் ஆறு மாசம் பாக்கினமாம்."

மாமா யோசித்தார். "அந்தப் பொம்பிளை விசயம் தெரிஞ்ச ஆள். அப்ப நானும் ஆறு மாசம் பாக்கிறன்."

"அப்பா!" என்றாள் சுபா. பிறகு டேனிஷில் படபடவென்று ஏதோ கொட்டினாள். அதில் பல் வைத்தியன் என்ற சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவளை அவ்வளவு பிடித்துப்போன நாள் வேறில்லை.

ஆறு மாதம் முடிந்து வேலை நிரந்தரமான அன்றே மாமா நாள் வைத்தார். கலியாணத்தில் குத்துவிளக்கு ஏற்றப் போனபோது, "எண்ணெய்ப் போத்தலை மாப்பிளையின்ர கையில குடுத்துப்போடாதேங்கோ!" என்று மண்டபமே கேட்கக் கத்தினார். அட்டவணை பிறகு வெளிவந்தது. அத்தனை சுவடிகளில் அந்த ஒன்றுக்கு மட்டும், நிலை என்ற இடத்தில், ‘எண்ணெய்க் கறை இல்லை’ என்று கீர்ஸ்டன் தன் பங்குக்குச் சேர்த்திருக்கிறார். ஏன் இப்படி ஒரு குறிப்பு என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் கேட்டு எழுதுகிறார்கள். பதில் எழுதுவதும் என் வேலைதான்.

மாமாவின் சட்டை எந்தத் தோய்ப்புக்கும் மசியவில்லை. சில்க்போர்க் வீட்டு அலுமாரியில் இன்றைக்கும் தொங்குகிறது. போன நத்தார் விடுமுறைக்கு அங்கே போயிருந்தபோது, என் மகள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள். தமிழ் எழுதப் பழகுகிறவள். சட்டையின் பொத்தான் துளையில் ஒரு அட்டை கட்டியிருந்தாள். நான் வேலையில் கட்டுவதுபோலவே, வெள்ளை நூலில்.

‘பொருள்: அப்பப்பாவின்ர இல்லை, அம்மப்பாவின்ர சட்டை. நிலை: எண்ணெய்க் கறை உண்டு. காரணம்: மூடன் கை.’