பெரிய எழுத்துக்கு எதிரான என் கடைசிப் போராட்டம்

யார் உத்தரவிட்டும் நான் எதையும் செய்தவன் இல்லை. இத்தனை வருடப் போராட்ட வாழ்க்கையில் எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பெருமைதான். என்னோடு கொடி பிடித்தவர்கள் இன்று காரில் போகிறார்கள். என்னைக் கண்டால் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். போகட்டும். நான் படித்ததெல்லாம் துண்டறிக்கைகள். ஆங்கிலத்தையும் அவற்றில்தான் கற்றேன். மிச்சத்தை என் மேல் போட்ட குற்றப்பத்திரிகைகளில்.

என் மனைவி வீட்டிலிருந்தபடியே ஓர் இசைத்தட்டுக் கடைக்குப் பாட்டுத் தலைப்புகளைக் கணினியில் அடித்துக் கொடுக்கிறாள். இந்த முறை வந்தவை இரண்டு பட்டியல்கள்: ஒன்று ஆங்கிலப் பாட்டு, மற்றது ஜப்பானியப் பாட்டு. ஜப்பானியத் தலைப்புகளையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். கடைக்காரருக்குப் பிடித்துவிட்டால் இனி அந்தக் கடை வேலை முழுவதும் இவளுக்கு. பிடிக்காவிட்டால் வேறு யாருக்கோ.

அன்று காலை அவள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லின் முன்னாலும் ஒரு பெரிய எழுத்து தொந்தியைத் தள்ளிக்கொண்டு நின்றது. பின்னால் சின்ன எழுத்துகள் கைகட்டி நின்றன. எனக்கு ரத்தம் கொதித்தது. தமிழில் எந்த எழுத்தாவது இன்னொன்றை அண்ணாந்து பார்க்கிறதா?

"கேபிடல் எழுத்தாம். பேர்லயே முதலாளி உட்கார்ந்திருக்கான்" என்றேன்.

"கடைக்காரர் உத்தரவுங்க. ஜப்பான் லிஸ்ட்ல எல்லாச் சொல்லும் பெருசாத்தான் இருக்கணுமாம். ஒண்ணைக்கூடக் குறைக்கக் கூடாதாம்."

'உத்தரவு' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள்.

"எந்திரி. அத்தனையையும் நான் குறைக்கிறேன்."

வேலை போய்விடும் என்று புலம்பினாள். நான் அசையவில்லை. கடைசியில் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தாள்.

"ஒவ்வொரு தலைப்புலயும் முதல் எழுத்தையாவது விட்டுடுங்க. தலைப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரிய வேணாமா?"

யோசித்தேன். ஊர்வலம் என்றால் முன்னால் கொடி பிடிக்க ஒருவன் வேண்டும். பல வருடம் நானே பிடித்திருக்கிறேன். "சரி, போ."

"அப்புறம் ஆள் பேரு, ஊர் பேரு. பேரு வச்சவங்க மனசு நோகுமில்ல?"

அதையும் கொடுத்தேன். வென்றவன் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். எது பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தாளை நீட்டினாள். பெயர்களின் கீழெல்லாம் ஏற்கெனவே பென்சிலில் கோடு போட்டிருந்தது. ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உட்கார்ந்தேன். சொல் சொல்லாகக் குறைத்தேன். 'அமே நோ ஹாஷி' என்று ஒரு பாட்டு. மழையின் பாலமாம். அதில் நடுவில் நிற்கும் 'நோ'வுக்கு, நம் 'உடைய' மாதிரி ஒட்டுகிற வேலை. அந்தப் பொடியனுக்கும் பெரிய தலை! தட்டினேன். பாலத்தின் தலையையும் தட்டினேன். அவள் நேரத்துக்கு நேரம் டீ கொண்டுவந்து வைத்தாள். இவ்வளவு மரியாதையோடு எந்த நிர்வாகமும் என்னிடம் தோற்றதில்லை. முதுகு வலித்தாலும் மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் கடைக்காரர் வந்தார். பட்டியலைப் பார்த்தார். சண்டைக்குத் தயாராகத் தொண்டையைச் செருமினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதைத்தான்மா எல்லார்கிட்டயும் கெஞ்சிக்கிட்டிருந்தேன். ஜப்பான் பாட்டுக்கு முதல் சொல்லும் பேரும் மட்டும் பெருசு, மத்ததெல்லாம் சின்னது. இங்கிலீஷுக்கு முக்கியமான சொல்லெல்லாம் பெருசு, நடுவுல வர்ற ஒட்டுச்சொல் மட்டும் சின்னது. ஒருத்தரும் கேட்கல. இதை அடிச்சது யாரு?"

அவள் என்னைக் காட்டினாள். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஐயா மாதிரி சொன்னபடி கேட்கிற ஆள் கிடைக்கிறதே இல்லைங்க."

தடியடியில்கூட எனக்கு இப்படி வலித்ததில்லை.

இங்கிலீஷ் பட்டியலை நாளைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். அவள் கணினியைத் துணி போட்டு மூடிக்கொண்டே சொன்னாள்: "இங்கிலீஷ் லிஸ்ட்ல மட்டும் தயவுசெஞ்சு கை வச்சிடாதீங்க."

புரிந்துவிட்டது எனக்கு. நான் கை வைக்க வேண்டும். ஒட்டுச்சொற்களை எல்லாம் குனிந்து உட்கார்ந்து குறைக்க வேண்டும். அதுதானே திட்டம்? ஒரே வலையில் இரண்டு முறை விழ நான் என்ன புதிதாகக் கட்சியில் சேர்ந்தவனா? வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உத்தரவுக்கு எழுத்துக்கு எழுத்து கீழ்ப்படிந்தேன். நாள் முழுவதும் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். அவள் தவித்துக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. பாட்டு முணுமுணுத்தபடி துணி மடித்தாள்.

கடைக்காரர் வந்தார். அவள் பட்டியலைக் கொடுத்தாள். புரட்டிப் பார்த்தவர், இனிமேல் கடை வேலை எல்லாம் அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இதை எப்ப முடிச்ச?" என்றேன்.

"அதுவா? ஜப்பான் லிஸ்ட்ல நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சு வச்சுட்டேன். நீங்க கை வைக்காம இருக்கணுமேன்னுதான் கவலையா இருந்துச்சு."