என் வீட்டில் குடியிருக்கும் இரண்டாவது ஆள்

அன்புள்ள டெல்மா அக்காவுக்கு, தம்பி மிலோ எழுதிக்கொள்வது. ஒமாஹாவில் நீயும் அத்தானும் சுகமென்று நம்புகிறேன். இங்கே சோளம் சுகம், பூனை சுகம், நான் மட்டும் சுகமில்லை.

நம் ஊர் மக்கள்தொகைக் கணக்கு வந்துவிட்டது. நான் பிறந்ததிலிருந்து குறைந்துகொண்டே வந்த எண்ணிக்கை இந்த முறை ஒன்று கூடியிருக்கிறது. எங்கே கூடியது தெரியுமா? என் தெருவில்! இங்கே இருப்பது என் வீடு ஒன்றுதான். அதில் இரண்டு பேராம். ஒருவர் வெள்ளையர், மற்றவர் ஆசியர். மேயர் டுவேன் அந்தத் தாளைச் சர்ச் கூடத்தில் ஒட்டினாலும் ஒட்டினார், நான் ஓர் ஆசியப் பெண்ணைக் கட்டி வீட்டுக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன் என்று ஊரே நம்பி, என் மானம் போயிற்று. புதிதாய் வந்தவர்களுக்கு வீட்டுக்கு வீடு சமைத்துக் கொடுக்கிற வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, அடியில் பெயர் ஒட்டிய கண்ணாடிப் பாத்திரங்கள் என் அடுப்படியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. "கூச்சப்படாம வெளிய வரச்சொல்லு, நாங்க என்ன கடிச்சா தின்னுடுவோம்?" என்று ஜன்னல் வழியே எட்டிப்பார்க்கிறார்கள். சராசரி வருமானமும் ஏறியிருக்கிறதாம். அப்படியானால் அந்த அம்மாள் டாக்டர்தான் என்று முடிவுகட்டி, லெனார்ட் கிழவர் முழங்கால் வலியைக் காட்டக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு என் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

டுவேனிடம் போய்க் கத்தினேன். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் ஊரு வளந்திருக்கு, நீ வாயத் தொறந்து கெடுத்துடாதப்பா" என்கிறார். ஊர் எல்லைப் பலகையில் புது மக்கள்தொகையை எழுதியும் விட்டார்! கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டால் ஒரு பெண், "சின்ன ஊர்ல யாரு என்னன்னு அடையாளம் தெரிஞ்சுடக் கூடாதுல்ல, அதனால எண்ணிக்கைய நாங்களே கொஞ்சம் கூட்டிக் கொறச்சுக் கலைச்சுப் போடுவோம் சார். உங்க அந்தரங்கத்தக் காப்பாத்தத்தான்" என்றாள். காப்பாற்றிய அழகைப் பார், சந்தி சிரிக்கிறது.

இதெல்லாம் போகட்டும் அக்கா. ஆர்டிஸைப் பற்றி உனக்கு எழுதியிருந்தேனே, ஞாயிறுதோறும் பூசை முடிந்து எனக்குக் கோலாச் என்கிற இனிப்பு ரொட்டி கொண்டுவருகிற விதவை. மூன்று வாரமாக அவள் வரவில்லை. சர்ச் வாசலில் மறித்துக் கேட்டேன். "உங்க வீட்டம்மாவுக்கு இனிப்புப் பிடிக்குமோ என்னவோ, அதான் செய்யல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வயதில் அந்த ஞாயிற்றுக்கிழமையை நம்பித்தான் வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தான் வக்கீலாயிற்றே, ஆகவே அவரை விட்டுக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குக் கடுமையாக ஒரு வக்கீல் கடிதம் எழுதச்சொல். என் தெருவில் ஒரே ஆள்தான், வேறு ஒருவரும் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை என்று அடித்துச் சொல்லட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

உன் தம்பி,
மிலோ குசேரா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஆர்டிஸ் வந்தாள். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அலமாரி, குளியலறை, கட்டிலுக்கு அடியில் என்று ஒன்று விடாமல் தேடினாள். கிடைத்தது பாத்திரங்கள்தான். "அத்தனையும் நீ ஒருத்தனேவா தின்ன?" என்றாள். பிறகு அவள் கழுவ, நான் துடைத்தேன். துடைத்துக்கொண்டே கேட்டும் விட்டேன்.

வக்கீல் கடிதம் வேண்டாம். "ரெண்டு பேருங்கறது அப்படியே இருக்கட்டும், அந்த ஆசியரை மட்டும் எடுக்கச் சொல்லு" என்கிறாள். அம்மாவின் மோதிரம் உன்னிடம்தானே இருக்கிறது? உடனே அனுப்பு.