மேற்படி மாணவி என் மகள் அல்ல

அரைகுறையாகப் படித்தவர்களால் யாருக்கும் பெரிய ஆபத்தில்லை. கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். முதல் வகுப்பில் தேறியவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் பி.காம். முதல் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் இரண்டு ஆண்கள் ஒரே நாளில் தலைகுனிந்து நின்றதற்கு வேறு காரணம் எதுவுமில்லை.

அப்பாவும் குமார் மாமாவும் (அம்மாவின் தம்பி) ஒரே அரசுத் துறையில் வேலை பார்த்தார்கள். அப்பா கடலூர் அலுவலகத்தில், மாமா சிதம்பரம் கிளையில். ஆனால் இருவருக்கும் சம்பளப் பட்டியல் தயாராவது கடலூரில், ஒரே மேஜையில். அந்த மேஜையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சம்பளக்காரர்களுக்குப் பிப்ரவரி மாதம் ஒரு கண்டம். வருமான வரியில் சலுகை வேண்டுமென்றால் ரசீதுகளோடு படிவம் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் அதில் காட்டலாம். நான் கடலூரில் பி.காம். படித்த மூன்று வருடமும் அப்பா கட்டினார், அப்பாவே காட்டினார், ஒரு வம்பும் வரவில்லை. எம்.காம். படிக்கச் சிதம்பரம் போனபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. அந்த வருடம் அக்காவின் கல்யாணம். அப்பா கை காய்ந்துபோய், “படிச்சது போதும், ஒரு வேலையப் பாரு” என்றார்.

மாமா விடவில்லை. “காது குத்துறப்ப மடியில ஒக்கார வெச்சது நானு. சடங்குக்குச் சீர் கொண்டாந்தது நானு. படிக்க வெக்கிறதுக்கு மட்டும் நான் ஆவமாட்டனா?” என்று அம்மாவிடம் சண்டை போட்டு, இரண்டு பருவத்துக்கும் கட்டணத்தை அவரே கட்டினார். நான் தங்கியதும் சிதம்பரத்தில் அவர் வீட்டில்தான். மாமாவுக்கும் அத்தைக்கும் குழந்தை கிடையாது.

பிப்ரவரி வந்தது. இரண்டு படிவத்தையும் நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். ஒரே ரசீதை இரண்டு பேர் காட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும் (அவ்வளவு மக்கு இல்லை). அதனால் நியாயமாகப் பங்கு பிரித்தேன். முதல் பருவ ரசீது அப்பாவுக்கு, ஏனென்றால் பெற்றவர். இரண்டாம் பருவ ரசீது மாமாவுக்கு, ஏனென்றால் கட்டியவர்.

படிவத்தில் ‘மகன் / மகள்’ என்று அச்சாகியிருந்தது. பொருந்தாததை அடித்துவிட வேண்டும். மாமாவுக்கு நான் அக்கா மகள்; அந்த உறவுக்கு அங்கே இடமே இல்லை. மாமாவின் படிவத்திலும் ‘மகன்’ என்பதை ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையே நெடுநேரம் பார்த்தார். “இப்புடி எழுதலாமா பாப்பா?”

“துட்டு கட்டுனது நீங்கதான மாமா? சட்டம் அதத்தான் பாக்கும்.”

மாமா கையெழுத்துப் போட்டார். பிறகு அடுப்படியில் இருந்த அத்தையைக் கூப்பிட்டு அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். நான் அடுத்த கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து அப்பா போன் செய்தார். “நாளைக்கு ஆபீசுக்கு வா. மாமாவையும் கூட்டிகினு வா.” அதோடு போனை வைத்துவிட்டார். என் படிவங்களைப் பார்த்து அசந்துபோய் அலுவலகமே தங்களுக்கும் எழுதித் தரச் சொல்கிறது என்று முடிவு கட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேனா எடுத்துக்கொண்டேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை பஸ்ஸில் மாமாவுக்கு வரிச் சட்டம் விளக்கியபடியே வந்தேன்.

அலுவலகத்தில் கண்காணிப்பாளர் மேடம் இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரே மை, ஒரே கையெழுத்து, ஸ்கேல் வைத்து அடித்த ஒரே கோடு. அப்பா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

“ரெண்டையும் யாரும்மா எழுதுனது?”

“நான்தான் மேடம். பி.காம். ஃபர்ஸ்ட் கிளாஸ்.” (இதை அவர் கேட்கவில்லை.)

“அப்புடியா? இதுல யாரு உங்கப்பா?”

நான் அப்பாவைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரர், “மொத செமஸ்டருக்கு ஒருத்தரு, ரெண்டாவதுக்கு ஒருத்தரு போல மேடம்” என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு வீட்டில் இருக்கும் அம்மாவைப் பற்றியது என்று எனக்கு உறைக்க அரை நிமிடம் ஆனது. உறைத்த பிறகு அந்த மேஜை இழுப்பறைக்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மேடம் சிரிப்பை அதட்டி நிறுத்தினார். பெற்றவர் தன் கையால் கட்டினால்தான் சலுகை. அப்பா பெற்றார், கட்டவில்லை. மாமா கட்டினார், பெறவில்லை. ஆக இருவருக்குமே கிடையாது. “பொய்த் தகவல் குடுத்திருக்கார்னு நான் மேல எழுதுனா ஒங்க புரமோஷன் என்னா ஆவும் தெரியுமா சார்?” என்று மாமாவைக் கேட்டார். அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் மாமா பெயர் இருந்தது.

“பாப்பா மேல தப்பில்ல மேடம். நான்தான் அப்புடி எழுதச் சொன்னேன்” என்றார் மாமா.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆலப்பாக்கம்வரை ஓயாத என் வாய் திறக்கவில்லை. நடந்ததிலேயே பெரிய அவமானம் எனக்கு அதுதான், அந்தச் சிரிப்பு அல்ல.

மேடம் நல்லவர். இரண்டு படிவத்தையும் திருப்பித் தருவதாகவும், மாமா தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் விஷயம் இத்தோடு முடிந்தது என்றும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல மாமா எழுதினார். “மேற்படி மாணவி என் மகள் அல்ல.” ‘மகள்’வரை வேகமாக வந்த பேனா அங்கேயே நின்றுவிட்டது.

“எழுத மாட்டேங்குது பாப்பா, ஒன்னுது குடு.”

கொண்டுபோன இரண்டில் ஒன்றைக் கொடுத்தேன். மீதி ஒரு வார்த்தையை அதால் எழுதினார். திரும்பும்போது அதே பழைய பேனாவால் பஸ் டிக்கெட்டின் பின்னால் மாமா ஏதோ குறித்துக்கொண்டார். நன்றாகத்தான் எழுதியது.

பதவி உயர்வு வந்தது. அதற்கு முன்பே மாமா அந்த வாக்கியத்தை வீட்டுச் சொத்தாக்கிவிட்டார். நான் பாலைப் பொங்கவிட்டால், “மேற்படி மாணவி என் மகள் அல்ல.” பஸ்ஸைத் தவறவிட்டால், அதே. பிறகு அத்தை சொன்னார், அம்மா சொன்னார், கல்யாணமான மூன்றாம் நாள் என் வீட்டுக்காரரும் சொன்னார். தப்பு என்னுடையதுதான் என்று அப்பாவிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. “தெரியும். ஸ்கேல் வெச்சு அடிக்கிறது நம்ம வூட்டுல வேற யாரு?” என்றார். மாமாவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்க வாய் வரவே இல்லை.

சில வருடம் கழித்து மாமாவுக்குப் பாண்டிச்சேரியில் கண் ஆபரேஷன். அத்தைக்கு ஆஸ்பத்திரி என்றாலே மயக்கம் வரும் என்பதால் நான்தான் கூடப் போனேன். நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டி, நோயாளிக்கு என்ன உறவு என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

ஒரு கண்ணில் பஞ்சோடு கட்டிலில் இருந்த மாமா கேட்டார். “என்னா எழுதுன?”

“மகள்னு.”

மாமா மற்ற கண்ணால் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நம்ம ஆபீஸ்காரங்க யாராவது நிக்கிறாங்களா பாரு” என்றார்.

“யாரும் இல்ல மாமா.”

“அப்ப அடிக்காத. இருக்கட்டும்.”