நின்றுகொண்டே போன மாமனார் வீடு

உடம்பில் வேறு எங்கே கட்டி வந்தாலும் ஊரெல்லாம் காட்டுவோம். உட்காரும் இடத்தில் வந்தால் மட்டும் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டோம். நானும் சொல்லவில்லை.

எழுபதுகளில் ஒரகடத்தில் நான் புதுமாப்பிள்ளை. ஆசனவாய் ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவில் முளைத்த சதை, எலுமிச்சையாகி, கத்திரிக்காயாகித் தொங்கியது. (மூலம் என்று நானே முடிவு செய்து, சந்தையில் இருந்த கருணைக்கிழங்கையெல்லாம் தின்று தீர்த்திருந்தேன்.) ராத்திரி குப்புறப் படுப்பேன். மனைவி கன்னியம்மா பக்கத்தில் வந்தால் சுவரோரம் நகர்வேன். தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் படப்பைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் காயப்போட்டுவிட்டுப் போன பச்சைப் புடவையைக் கொடியிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. மழையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் சைக்கிளை எடுத்தேன். சீட்டில் உட்காராமல் படப்பை வரை நின்றுகொண்டே மிதித்தேன். (பந்தயத்துக்குப் பழகுகிறேன் என்று நினைத்து ஒரு பஸ்காரர் வழிவிட்டார்.)

“ஒக்காருங்க மாப்ள,” என்றார் மாமனார்.

“பரவால்ல மாமா.”

“எங்க வூட்ல ஒக்காரக்கூட கசக்குதா? அப்ப எதுக்கு வந்தீங்க?”

பேச்சு தடித்தது. மச்சான் என் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது. கூடிவிட்ட ஜனத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

கன்னியம்மா சிரிக்கவில்லை. “இதுக்காய்யா மூஞ்சத் திருப்பிக்கினு படுத்த? நான் இன்னா இன்னாவோ நெனச்சி அழுதுகினு கீறேன்,” என்றாள்.

மறுநாளே அவள் என்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் மாணவர்களைக் கூப்பிட்டு, “இது மூலம் இல்ல, சதை வளர்ச்சி. இவ்ளோ பெருசு அபூர்வம். நல்லா பாத்துக்கோங்க,” என்றார். என் கல்யாணத்தில்கூட அத்தனை பேர் என்னை அவ்வளவு அக்கறையாகப் பார்க்கவில்லை. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்ததும் வெட்டி எடுத்தார்கள். சோதித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

ஆண்கள் வார்டுக்குள் பெண்கள் சாயங்காலம்தான் வரலாம். குப்புறப் படுத்தபடி, வருகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் பாதம் தெரிகிறவரை எனக்குப் பொழுதே விடியாது.

இப்போது அவள் இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் உட்காரத் தயங்கினால், “இன்னா, எங்க அப்பா கேஸா?” என்று மகள் ஆரம்பித்துவிடுவாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான். கன்னியம்மா இந்தக் கதையைச் சொன்னால் பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு முட்டிவிடும், ஒருநாளும் முடித்ததில்லை. மகள் முழுசாகச் சொல்லி முடித்துவிடுகிறாள்.

அதுதான் தாங்கவில்லை.